20-க்குள்ளே 20 போகாது!

கடையில் கிடைக்காத ஒரு உலோகத் துண்டு. அதைச் செய்து வாங்க ஒரு சின்னப் படம், ஒரு பெரிய மெஷின், கொஞ்சம் தைரியம் போதும். ஃபைனல் இயர் மக்களே... ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க!

"தம்பி, உள்ளே போற ராடு எவ்ளோ?"

"20 மி.மீ. அண்ணா."

"அது போற ஓட்டை எவ்ளோ?"

"அதுவும் 20தான் அண்ணா."

லேத் பட்டறை அண்ணன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்கள் படத்தைப் பார்த்தார். "இன்னாப்பா படிக்கிறீங்க?" என்றார். "மெக்கானிக்கல், ஃபைனல் இயர்" என்றோம் நாலு பேரும் கோரஸாக. அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

"20-க்குள்ளே 20 போகாதுப்பா" என்றார் அமைதியாக.

பல வருஷத்துக்கு முன்னாடி திருவண்ணாமலையில் நடந்த கதை இது. எங்கள் ப்ராஜெக்ட், கையால் சுற்றி மல்லாட்டை உரிக்கும் மெஷின். நிலக்கடலைன்னு புத்தகத்தில் எழுதினாலும் நம்ம பக்கம் அது மல்லாட்டைதானே! ஒரு தண்டு, அது சுழல ஒரு புஷ். இரண்டுக்கும் 20 மி.மீ. என்று போட்டுவிட்டு, பெரிய சயின்டிஸ்ட் மாதிரி பட்டறை வாசலில் நின்றோம். "படத்துல இருக்கிற மாதிரியே போட்டுக் கொடுங்க அண்ணா, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு வீராப்பு வேறு.

போட்டுக் கொடுத்தார். போகவில்லை. சுத்தியலால் தட்டினோம். பாதி போய் மாட்டிக்கொண்டது. தட்டித் தட்டி வெளியே எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். இப்போது போனது... ஆனால் லொடலொடவென்று ஆடியது. டெமோ அன்றைக்குப் பத்து சுற்று சுற்றியதும் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து, மல்லாட்டை உரிவதற்குப் பதில் நசுங்கி மாவாகிவிட்டது!

பக்கத்து டேபிளில் காசு கொடுத்து வாங்கிய ரெடிமேட் ப்ராஜெக்ட். தங்க எழுத்து பைண்டிங், ஸ்விட்ச் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. அவர்களுக்கு எங்களைவிட மார்க் ஜாஸ்தி. பொய் சொல்ல மாட்டேன், வலித்தது.

ஆனால் நாலு வருஷப் படிப்பில் எனக்கு இன்றைக்கும் மறக்காத பாடம், அந்த அண்ணன் சொன்ன மூன்றே வார்த்தைதான். அதைப் புரிந்துகொண்டால் சிஎன்சி மெஷின் பாதி புரிந்த மாதிரி. எப்படின்னு பார்க்கலாமா?

தேருக்கு அச்சாணி எந்தக் கடையில் கிடைக்கும்?

போல்ட்டு, நட்டு, பேரிங் எல்லாம் கடைச் சரக்கு. சைஸ் சொன்னால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். ஆனால் உங்கள் டிசைனுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு துண்டு எந்தக் கடையிலும் இருக்காது. அதைச் செய்துதான் ஆக வேண்டும். இதற்குப் பெயர்தான் கஸ்டம் பார்ட்.

நமக்கு இது ஒன்றும் புதுசில்லை. கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சிக்குப் போகிற கொப்பரை கடைச் சரக்கா? அந்த மலைக்கும் அந்தத் தீபத்துக்கும் என்றே செய்தது. தேர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊர்த் தேரின் சக்கரம் இன்னொரு ஊர்த் தேருக்குப் பொருந்தாது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது யார் தெரியுமா? பாய்லர் செய்கிற திருச்சி பெல் தொழிற்சாலை!

அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஆரணியில் ஒரு பழைய மெஷினின் பல்சக்கரம் உடைந்தாலும் இதே கதைதான். மெஷின் செய்த கம்பெனியே இல்லாமல் போயிருக்கலாம். உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓட வேண்டும். அங்கே கண்ணும் கையும் அளந்து அளந்து புதுசு செய்து கொடுக்கும். அந்தக் கையின் வேலையை எண்களால் சொல்லி வாங்குவதுதான் சிஎன்சி.

கிரிவலம் போறீங்களா? அது ஜி02!

சிஎன்சி என்றால் கம்ப்யூட்டர் நியூமெரிக்கல் கன்ட்ரோல். அதாவது, எண்களைச் சொல்லி மெஷினை ஓட்டுவது. பயந்துவிடாதீர்கள், விஷயம் சிம்பிள்.

லேத் என்கிற கடைசல் மெஷினில் ஜாப் சுற்றும், டூல் நகரும். உருண்டையான சாமான் எல்லாம் இதில்தான். மில்லிங் மெஷினில் டூல் சுற்றும், ஜாப் வைத்த மேஜையோ டூலோ நகரும். பெட்டி, தட்டு, பள்ளம் எல்லாம் இதில். சாதாரண மெஷினில் கைப்பிடியைச் சுற்றுவது மனிதன். சிஎன்சியில் அதையே மோட்டார் சுற்றுகிறது. எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைச் சொல்வது ப்ரோக்ராம்.

அந்தப் ப்ரோக்ராம் மொழிக்குப் பெயர் ஜி-கோட். ஜி00 என்றால் வெட்டாமல் வேகமாக அந்த இடத்துக்குப் போ. ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் போ. ஜி02 என்றால் கடிகார முள் சுற்றும் திசையில் வளைந்து போ. ஜி03 அதற்கு எதிர்த்திசை. எம்03 போட்டால் ஸ்பிண்டில் சுற்ற ஆரம்பிக்கும், எம்08 போட்டால் கூலன்ட் ஊற்றும், எம்30 போட்டால் கதை முடிந்தது.

மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறீர்களே, அந்தக் கிரிவலம் அசல் ஜி02! யாராவது எதிர்ப்பக்கமாக வந்தால் "ஏம்ப்பா, ஜி03-ல போறியே"ன்னு கலாய்க்கலாம்.

இந்த ஐடியா பிறந்தது ஹெலிகாப்டரில். 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார. அந்த வளைவைக் கையால் துல்லியமாக வெட்டுவது பெரும்பாடு. வளைவில் வரும் புள்ளிகளை எல்லாம் கணக்குப் போட்டு எண்களாக எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் டூலைக் கொண்டுபோனால் என்ன என்று யோசித்தார். அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. 1952-ல் எம்ஐடி கல்வி நிறுவனத்தில், ஓட்டை போட்ட டேப்பைப் படித்து ஓடும் முதல் மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டினார்கள். அன்றைக்கு அறை நிறைய இருந்த கன்ட்ரோல், இன்றைக்கு ஒரு பீரோ கதவு சைஸுக்குள் அடங்கிவிட்டது. நம்ம கோவையிலும் பக்கத்து பெங்களூரிலும் சிஎன்சி மெஷின்களையே தயாரிக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லேத் அண்ணன் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு "போகாதுப்பா" என்று சொல்வார். சிஎன்சி சொல்லாது! நீங்கள் தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பை ரொம்பத் துல்லியமாகச் செய்து கொடுக்கும். அதையே நூறு முறையும் செய்யும்.

எவ்ளோ தப்பு இருந்தா பரவாயில்லை?

இப்போது மெயின் மேட்டர். 20-க்குள்ளே 20 ஏன் போகாது?

உலகத்தில் எந்த மெஷினாலும் 'சரியாக 20' செய்ய முடியாது. 20.01 வரும், 19.99 வரும். தண்டு 20.01, ஓட்டை 19.99 என்று அமைந்துவிட்டால்? எங்கள் கதைதான், சுத்தியல்தான்! அதனால் ஒரு நல்ல படம் அளவை மட்டும் சொல்லாது. எவ்வளவு தப்பு வரை தாங்கும் என்பதையும் சொல்லும். அதற்குப் பெயர் டாலரன்ஸ். தமிழில் சொன்னால் சகிப்புத்தன்மை. எவ்ளோ அழகான வார்த்தை!

உலகம் முழுக்க இதற்கு ஒரு பொது அட்டவணை இருக்கிறது. ஓட்டைக்கு '20 பெரிய எச்7' என்று போட்டால், அது 20.000-ல் இருந்து 20.021 மி.மீ. வரை இருக்கலாம். தண்டுக்கு '20 சின்ன ஜி6' என்று போட்டால் (இது ப்ரோக்ராமில் வந்த ஜி இல்லை பாஸ், குழப்பிக்காதீங்க), 19.980-ல் இருந்து 19.993 வரை இருக்கலாம். கழித்துப் பாருங்கள். இடைவெளி குறைந்தது 0.007, அதிகபட்சம் 0.041 மி.மீ. அந்த இடத்தில் எண்ணெய் போய் உட்காரும், தண்டு வழுக்கிக்கொண்டு சுழலும், ஆடாது. நம் தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 0.07 மி.மீ. அந்த முடிகூட நுழைய முடியாத இடைவெளியில்தான் எங்கள் மல்லாட்டை மெஷினின் மானம் இருந்திருக்கிறது!

'அப்போ எல்லாத்துக்கும் மைக்ரான் கணக்கில் டாலரன்ஸ் போட்டுடலாமே' என்று கிளம்பாதீர்கள். டாலரன்ஸை இறுக்க இறுக்க, வெட்டும் நேரம் கூடும், அளக்கும் நேரம் கூடும், பில்லும் கூடும். இன்னொன்றோடு சேரும் இடத்தில் மட்டும் இறுக்குங்கள். வெளிப்பக்கம் சும்மா நிற்கிற இடத்துக்கு அரை மி.மீ. கூடக் குறைய இருந்தால் யாருக்கு நஷ்டம்? எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று முடிவு பண்ணுவதுதான் இன்ஜினீயர் வேலை. மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

நம்ம ஊர் வெயிலுக்கும் ஒரு கணக்கு!

அளவு எடுப்பதற்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் அக்னி ஸ்தலத்தில் நின்றுகொண்டு 20 டிகிரிக்கு எங்கே போவது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரியில் 100 மி.மீ. நீளம் இருக்கும் அலுமினியத் துண்டு, 40 டிகிரியில் சுமார் 0.046 மி.மீ. நீண்டுவிடும். அதே நீள இரும்பு சுமார் 0.024 மி.மீ. மட்டுமே நீளும். டெல்ரின் மாதிரியான பிளாஸ்டிக் சுமார் 0.2 மி.மீ. நீளும். அலுமினியத்தைப் போல நாலு மடங்குக்கும் மேலே!

இதில்தான் பிளாஸ்டிக் பார்ட் செய்கிற பசங்க மாட்டிக்கொள்வார்கள். ஏசி லேபில் அழகாகப் பொருந்திய பிளாஸ்டிக் புஷ், வெயிலில் வைத்ததும் தண்டைப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் இரும்பு அதைச் சுற்றிப் பிடித்திருப்பதால், அது உள்பக்கமாக விரிந்து ஓட்டையைச் சின்னதாக்கிவிடுகிறது. நைலானுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. அது ஈரத்தைக் குடித்து ஊதும்! தண்ணீர் படும் இடத்தில் துல்லியமான அளவு வேண்டுமென்றால், நைலானைவிட டெல்ரின் நல்ல பிள்ளை.

வெட்டும்போதும் பிளாஸ்டிக்குக்குத் தனி மரியாதை கொடுக்க வேண்டும். டூல் மழுங்கலாக இருந்தால் வெட்டுவதற்குப் பதில் உருகும். சக்கில் இறுக்கிப் பிடித்தால் நசுங்கியபடியே வட்டமாக வெட்டுப்படும். கழற்றியதும் மீண்டு, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். கூர்மையான டூல், மெதுவான பிடி... இதுதான் ரகசியம்.

மைக்ரானில் நடக்கும் ஒரு கால்

'ஒரு தண்டு, ஒரு புஷ்... இதுக்குப் போய் இவ்ளோ பில்டப்பா?' என்று நினைக்கிறீர்களா? அதே தண்டும் புஷ்ஷும் ஒரு மனிதனின் முழங்காலில் இருந்தால்?

சென்னை ஐஐடி-யில் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் உருவான குழு அது. மேஜை மேலே எழுந்து நிற்கும் ரோபோவைவிட, எழுந்து நிற்க முடியாத மனிதர்களைப் பற்றி அதிகம் யோசிக்கும் கூட்டம். சக்கர நாற்காலியில் இருப்பவர் அப்படியே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' என்ற நாற்காலி, 2019-ல் இவர்களிடமிருந்து வந்தது.

2022-ல் இவர்கள் வெளியிட்டது 'கதம்' என்ற செயற்கை முழங்கால் மூட்டு. இந்தியில் கதம் என்றால் காலடி. மொபிலிட்டி இந்தியா, எஸ்பிஎம்டி ஆகிய அமைப்புகளோடு கைகோத்துச் செய்தது. முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்களுக்கானது. சாதாரணக் கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்குகிற மூட்டு இல்லை இது. பல அச்சுகளில் மடங்கும். அதனால் நிற்கும்போது திடீரென மடங்கி விழுத்தாது, நடக்கும்போது கால் விரல் தரையில் இடிக்கும் பயமும் குறைவு. 160 டிகிரி வரை மடங்கும் என்பதால் பஸ் சீட்டிலும் ஆட்டோவிலும் சிரமம் இல்லாமல் உட்காரலாம். நம்ம ஊர் டவுன் பஸ் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்!

இந்த மூட்டு எதனால் ஆனது என்று பாருங்கள். பலமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியக் கலவை, ஹார்டு குரோம் பூசிய இஎன்8 இரும்புப் பின்கள், வழுக்கும் தன்மை உள்ள பாலிமர் புஷ்கள். எல்லாமே சிஎன்சி-யில் செய்யப்படுகின்றன.

கவனித்தீர்களா? இஎன்8 என்பது நம்ம ஊர் லேத் பட்டறையிலும் புழங்குகிற அதே இரும்புதான். பின்னும் புஷ்ஷும்தான். நாங்கள் தட்டித் தட்டி மாட்டிய அதே ஜோடி! வித்தியாசம் என்ன? இங்கே லொடலொடவென ஆடினால் நசுங்குவது மல்லாட்டை இல்லை. படியில் இறங்கும்போது ஒருவர் கீழே விழுவார். இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் தொடையால் மல்லுக்கட்டி நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடி, வருஷக் கணக்கில். ஒரே ஒருவருக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது, வாங்குகிற எல்லோருக்கும் அதே மாதிரி இருக்க வேண்டும். ஒரே வேலையை ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்கிற சிஎன்சி இங்கேதான் தேவைப்படுகிறது. டாலரன்ஸ் என்பது பரீட்சைக் கேள்வி இல்லை மக்களே, அது ஒருத்தர் விழாமல் நடப்பது.

ஒண்ணே ஒண்ணுக்கு ஏன் இவ்ளோ ரேட்டு?

முதல் முறை சிஎன்சி பட்டறைக்குப் போகிற எல்லோரும் ஷாக் ஆகும் இடம் இது. "சின்ன துண்டுதானே அண்ணா, இதுக்கா இவ்ளோ?"

துண்டு சின்னதுதான். ஆனால் ப்ரோக்ராம் எழுத வேண்டும். டூல்களை எடுத்து மாட்ட வேண்டும். ஜாபை எப்படிப் பிடிப்பது என்று யோசிக்க வேண்டும். மெஷினுக்கு 'இதுதான் பூஜ்யம்' என்று ஜாபின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்துப் பெயர் செட்டிங். இதற்கு 2 மணி நேரம், வெட்டுவதற்கு 10 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீஸ் என்றால் மொத்தம் 130 நிமிஷம். நூறு பீஸ் என்றால் மொத்தம் 1,120 நிமிஷம். ஒரு பீஸுக்கு 11 நிமிஷம் சொச்சம்தான்! ரேட்டு ஏன் இறங்குகிறது என்று புரிந்ததா?

அதனால் ஒன்றே ஒன்று, சாதாரண வடிவம் என்றால் சிஎன்சி-யைத் தேடி ஓடாதீர்கள். கடைசல் பட்டறை அண்ணன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். வளைவு சுளிவு அதிகம், நிறைய பீஸ் வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி வேண்டும்... அப்போது சிஎன்சி.

பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி...

1. படம் கொண்டு போங்கள். செல்போனில் முப்பரிமாணத்தில் சுற்றிக் காட்டினால் போதாது. அளவு, டாலரன்ஸ், மெட்டீரியல், எத்தனை பீஸ் என்று நாலும் எழுதிய தாள் வேண்டும்.

2. 'இது எதுக்கு?' என்பதைச் சொல்லுங்கள். எதோடு சேருகிறது, எது சுற்றுகிறது என்று தெரிந்தால் பட்டறைக்காரரே பாதித் தப்பைத் திருத்திவிடுவார். முடிந்தால் ஜோடித் துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.

3. உள்மூலையைக் கூர்மையாக வரையாதீர்கள். மில்லிங் டூல் உருண்டை. 10 மி.மீ. டூல் சுற்றினால் உள்மூலையில் குறைந்தது 5 மி.மீ. ஆர வளைவு இருந்தே தீரும். சதுரமான பொருள் அதற்குள் உட்கார வேண்டுமென்றால் முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

4. ஆழமான குறுகிய பள்ளம், காகிதம் மாதிரி மெல்லிய சுவர் இரண்டும் வேண்டாம். நீளமான டூல் நடுங்கும், மெல்லிய சுவர் அதிரும்.

5. கடையில் கிடைக்கும் சைஸிலேயே டிசைன் பண்ணுங்கள். 25 மி.மீ. ராடு சுலபமாகக் கிடைக்கும்போது 26 என்று போட்டால், 28-ஓ 30-ஓ வாங்கிச் சீவித் தள்ள வேண்டும். சீவிய சுருளுக்கும் சேர்த்துத்தான் உங்கள் காசு.

6. மரை போடுவதற்கு முன்னால் போடும் ஓட்டையைச் சரியாகச் சொல்லுங்கள். சாதாரண எம்6 மரைக்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8 மி.மீ. ட்ரில்.

7. மெஷின் பக்கத்தில் நிற்கும்போது கையில் கட்டிய சாமிக் கயிறு, மோதிரம், தொங்கும் சட்டை, க்ளவுஸ் எதுவும் வேண்டாம். சுற்றுகிற சக் ஒரு நூலைப் பிடித்தாலும் கையோடு இழுத்துவிடும். கயிற்றை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். உலோகச் சுருளைக் கையால் எடுக்காதீர்கள், அது பிளேடு.

எங்கே கத்துக்கலாம்?

பல காலேஜ்களில் சிஎன்சி மெஷின் ஒன்று கண்ணாடிக் கூண்டுக்குள் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது மட்டும் துடைப்பார்கள். அதை எழுப்பச் சொல்லி உங்கள் லேப் சாரை நச்சரிப்பது உங்கள் உரிமை. பாடத்திட்டத்தில் இருக்கிற விஷயம்தானே!

பத்தாவது முடித்த தம்பி, தங்கைகளுக்கு ஐடிஐ-யில் டர்னர், மெஷினிஸ்ட் என்று 2 வருஷப் படிப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-க்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டம் வந்தது. அதில் ஒரகடம் மையம் 2023-ல் திறக்கப்பட்டது. சிஎன்சி-யும் அங்கே ஒரு பாடம். 'ஐடிஐ-யா?' என்று முகம் சுளிக்காதீர்கள். உலகத் திறன் போட்டியான வேர்ல்டுஸ்கில்ஸில் சிஎன்சி டர்னிங், சிஎன்சி மில்லிங் இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். நாடு விட்டு நாடு போய் மெடல் வாங்கலாம்!

மெஷினே இல்லையா? கவலை வேண்டாம். ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேரில் வரையலாம், ஜி-கோடும் எடுக்கலாம். ஆர்டுயினோ போர்டில் ஓடும் கெர்பில் என்ற இலவசப் ப்ரோக்ராமை வைத்து, மரமும் பிளாஸ்டிக்கும் வெட்டுகிற குட்டி சிஎன்சி-யை நாலு பேர் சேர்ந்து நீங்களே கட்டலாம். அதுவே ஒரு சூப்பர் ப்ராஜெக்ட். மாணவர்கள் தாங்களே ரேஸ் கார் செய்து ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் பல வருஷங்கள் நடந்தது. அந்த மாதிரிக் கார்களின் சக்கரத்தைத் தாங்கும் அலுமினியத் துண்டுகள் எல்லாம் அசல் கஸ்டம் பார்ட்தான். ஒரு டீமில் சேர்ந்தால் ஒரு வருஷத்தில் கற்றுக்கொள்வது நாலு வருஷப் புத்தகத்தைவிட அதிகம்.

வேலை? நம்ம மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட் இருக்கிறது. வடக்கே ராணிப்பேட்டை, கிழக்கே ஒரகடம், மேற்கே ஓசூர். நீங்கள் போடுகிற ஷூவின் அடிப்பாகத்தை வார்க்கிற அச்சில் இருந்து பைக் இன்ஜின் வரை சிஎன்சி தொடாத சாமான் குறைவு.

அந்த அண்ணன் கேட்ட கேள்வி

மறுபடி எங்கள் கதைக்கு வருவோம். படிப்பு முடிந்து நான் போன முதல் இன்டர்வியூவில், ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டார்கள். மல்லாட்டை மாவான கதையைச் சொன்னேன்.

"அந்த ஓட்டைக்கு என்ன டாலரன்ஸ் கொடுத்தீங்க?"

"கொடுக்கலை சார். அதனாலதான் மாட்டிக்கிச்சு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு இருபது நிமிஷம் அதைப் பற்றியே பேசினோம். எச்7 எங்கே போடணும், ஏன் போடணும், பிளாஸ்டிக்னா என்ன ஆகும்... என்னிடம் பதில் இருந்தது. ஏனென்றால் தப்பு என்னுடையது.

அந்த வேலை கிடைச்சுதான்னு கேக்கறீங்களா? கிடைக்கலை. ஆனால் அடுத்த இன்டர்வியூவில் கிடைத்தது. அங்கேயும் இதே கதைதான் சொன்னேன்!

காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் டெமோ அன்றைக்கு ஓடும். அதில் தப்பும் உங்களுடையது இல்லை, பாடமும் உங்களுடையது இல்லை. அடுத்து எவனாவது "இந்தத் துண்டு ஏன் இந்த அளவு?" என்று கேட்டால், திருதிருவென்று முழிப்பது மட்டும்தான் உங்களுடையது.

அதனால் இந்த செமஸ்டரில் ஒரே ஒரு துண்டையாவது நீங்களே வரைந்து, நீங்களே பட்டறைக்குக் கொண்டு போய், செய்து வாங்குங்கள். பித்தளையோ, அலுமினியமோ, டெல்ரினோ... ஒரு சாவி வளையமாக இருந்தாலும் சரி. பட்டறை அண்ணன் நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார்.

"உள்ளே போறது எவ்ளோ தம்பி?"

இந்தத் தடவை நீங்கள் 20 என்று சொல்ல மாட்டீர்கள்தானே?